ஆறு ஜோடி அரைமுகங்கள்

ஆம்பூரில் நான் நிர்வாக மேலாளராகப் பணியாற்றிய காலணித் தொழிற்சாலையிலிருந்து என் கையெழுத்தில்லாமல் ஒரு தாளும் வெளியே போகாது. அயல்நாட்டுக்குச் செல்லும் கடிதத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் எனக்கு மனம் ஒப்பாது என்பதை முதலாளி அறிந்திருந்தார். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவன். எங்கள் திருச்சபைக் குழுவின் செயலர். வாலாஜாபேட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரின் மகன். பிழை என்பது பிறர் செய்வது, நான் திருத்துவது என்ற எண்ணத்திலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. புத்தாயிரம் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகளான சமயத்தில், ஒரு சினிமாக் கம்பெனிக்காக நானே என் கைப்பட எழுதிய ஒரு பிழையைப் பற்றி இங்கே சொல்கிறேன். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நாடித்துடிப்பு சற்றுக் கூடுகிறது.

சென்னையிலிருந்து ஓர் இளம் இயக்குநர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளியின் மருமகனோடு ஒரே வகுப்பில் படித்தவர். என் இளமைக்காலத்தில் நான்கு பாகங்களாக வெளிவந்த ஒரு சாகச வீரனின் படவரிசைக்கு மீண்டும் உயிர் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அந்த வீரனை மக்கள் அரைமுகத்தான் என்றே அழைத்தனர். பகலில் கடிகாரம் பழுதுபார்ப்பவன். தீங்கு நடக்கும் இடத்தில் முகத்தின் ஒரு பாதியை மட்டும் முகமூடியால் மறைத்துக்கொண்டு தோன்றுவான். திறந்த கண், எல்லோரும் காண்பதைக் காணும். மூடிய கண், சுவருக்கு அப்பால் இருப்பதைக் காணும். கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றின் சுருள்கள் யாவும் கெட்டுப்போய், ஒரே ஒரு புகைப்படம்தான் எஞ்சியிருந்தது.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணிரலாம் சார்," என்றார் இயக்குநர். நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார். "மணிக்கூண்டுலருந்து குதிக்கிறது, சுவரத் தாண்டிப் பாக்கிறது, எல்லாம் இப்ப ஈசி. பசங்க வாயப் பொளந்துட்டுப் பாப்பானுங்க. ஆனா அவனுங்க அப்பாவும் தியேட்டருக்கு வரணும். வந்து, ஒரே பார்வையில 'அட, அவன்தான்டா'ன்னு சொல்லணும். கதைய மாத்தலாம், சண்டைய மாத்தலாம். மூஞ்சிய மட்டும் மாத்தவே கூடாது."

பழைய முகமூடி சாயம் பூசிய அட்டை. புதிய படக்கருவிகளின் முன் அது பல்லிளித்துவிடும். ஆகவே மெல்லிய ஆட்டுத்தோலில், நடிகரின் முகத்துக்குப் பொருந்தும்படி பன்னிரண்டு முகமூடிகள் வேண்டும் என்று கேட்டார். சண்டைக் காட்சிகளில் கிழியும், நனையும், அதனால் பன்னிரண்டு.

முதலாளி சிரித்தபடி என்னைச் சுட்டினார். "நம்ம சாருக்கு சினிமான்னாலே ஆவாது. சர்ச்சுல பெரியவரு."

"நீங்க பாத்ததே இல்லியா சார், அரைமுகத்தான?"

"எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை," என்றேன்.

அது பொய்யன்று. வீட்டில் இல்லைதான். வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது முதற்பாகத்தை ஏழு முறையும் மூன்றாம் பாகத்தை ஒன்பது முறையும் பார்த்தேன் என்பது வேறு செய்தி. என் தந்தையின் மாணவர்கள் அந்த ஊரெங்கும் இருந்தனர். எனவே விளக்குகள் அணைந்து படம் ஓடத் தொடங்கிய பிறகே உள்ளே நுழைவேன். முடிவதற்குச் சற்று முன்னரே எழுந்து வெளியேறிவிடுவேன். எந்த ஒரு பாகத்தின் தொடக்கத்தையோ முடிவையோ நான் கண்டதில்லை. நடுப்பகுதியை என்னைப்போல் அறிந்தவர் இந்த மாவட்டத்தில் இருந்திருக்க முடியாது. இதை என் மனைவியிடமும் சொன்னதில்லை. முந்தைய ஆண்டுதான், திருச்சபை இளைஞர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வேலூருக்குப் படம் பார்க்கப் போக அனுமதி கேட்டபோது, குழுவில் எழுந்து நின்று மறுத்துப் பேசி அதைத் தடுத்திருந்தேன். நன்றாகப் பேசினேன் என்று பலரும் பாராட்டினார்கள்.

இயக்குநர் புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். மணிக்கூண்டின் விளிம்பில் அரைமுகத்தான் நிற்கிறான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அவனைக் காண்கிறேன்; புகைப்படத்தை அருகே இழுத்துக்கொண்டேன். கூடவே ஏதோ நெருடியது. முகத்தின் இடப்பாதியில் முகமூடி இருந்தது. சரியில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லிற்று. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். ஆகவே புகைப்படத்தைக் கோப்பில் வைத்து மூடினேன்.

பிறகு வேலைச்சீட்டை எழுதினேன். எங்கள் தொழிற்சாலையில் அச்சிட்ட சீட்டில் எண்ணிக்கைக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அதன் தலைப்பில் 'ஜோடி' என்று இருக்கும். காலணிக்கு வேறென்ன வேண்டும்? பன்னிரண்டு முகமூடி. என் பேனா பழக்கத்தால் தானே வகுத்து 'ஆறு' என்று எழுதியது. கையெழுத்திட்டேன். சீட்டு மாதிரிப் பிரிவுக்குப் போயிற்று.

மாதிரிப் பிரிவின் தலைவர் ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பாய். தோலைத் தடவிப் பார்த்தே அந்த ஆடு மேய்ந்த ஊரைச் சொல்லிவிடுவார் என்று தையல் பகுதிப் பெண்கள் கேலி பேசுவார்கள். நடிகரின் முகத்தைச் சாந்தில் வார்த்து அனுப்பியிருந்தார்கள். அதன்மேல் ஈரத்தோலை இழுத்துப் பொருத்தி, ஷூவின் மூக்கை உருவாக்குவது போலவே கன்னத்தையும் புருவத்தையும் உருவாக்கினார். இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது.

பெட்டியைத் திறக்கும் நாளில் இயக்குநர் நேரில் வந்தார். அது ஒரு சனிக்கிழமை முற்பகல். முதலாளி, பாய், நான், பெட்டியைக் கொண்டுவந்த ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஆகிய நால்வரும் மேசையைச் சுற்றி நின்றோம். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவர். செயலர் பதவிக்கு என்னை எதிர்த்து நின்று தோற்றவர். இயக்குநர் மூடியை எடுத்தார். மெல்லிய தாளில் சுற்றி, ஷூக்களை அடுக்குவதைப் போலவே இரண்டிரண்டாக அடுக்கியிருந்தார்கள். முதல் ஜோடியைப் பிரித்தார். ஒன்று இடக்கன்னத்துக்கு. மற்றொன்று வலக்கன்னத்துக்கு. அடுத்த ஜோடியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"இன்னா பாய் இது?" என்றார் முதலாளி.

"கார்டுல ஜோடின்னு போட்டிருக்குது மொதலாளி. ஜோடின்னா லெஃப்ட்டு ரைட்டு. பேட்டர்ன் அட்டையத் திருப்பிப் போட்டு வெட்டுனேன். முப்பது வருசமா அப்டித்தானே வெட்றேன்?"

"இது ஷூ இல்ல பாய், மூஞ்சி!" என்று இயக்குநர் கிட்டத்தட்ட அழும் குரலில் சொன்னார். "ஆளு ஒருத்தன்தான்!"

"அண்ணன் தம்பி ரெண்டு பேரு போலன்னு நெனச்சேன் சார். சினிமால அதான ஜாஸ்தி?"

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் சீட்டை எடுத்து, கீழே இருந்த கையெழுத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "அண்ணன் கையெழுத்து இது," என்றார் மிகுந்த பணிவோடு.

"சரி, ஆறு வீணாப்போச்சு. இத உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பிக்க முடியாதா?" என்று இயக்குநர் கேட்டார். பாய் தலையாட்டினார். தோலுக்கு ஒரு முகம், ஒரு சதைப்பக்கம்; திருப்பினால் சதைதான் தெரியும், அவன் அரைமுகத்தானாக இருக்கமாட்டான், அரைகுறையாக உரித்த ஆடாக இருப்பான் என்றார்.

நான் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. வலக்கன்னத்து முகமூடிகளில் ஒன்றை எடுத்து, பாய் கொண்டுவந்திருந்த அந்தச் சாந்து முகத்தின்மேல் யாரோ வைத்திருந்தார்கள். சன்னல் வெளிச்சம் அதன் நெற்றியில் விழுந்தது. விடுதியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, இருட்டில் தடவி இடம் பிடித்து, நிமிர்ந்து பார்க்கும்போது திரை முழுவதும் நிறைந்து நின்ற முகம் அதுவே. ஐயமே இல்லை. வலப்பக்கம். வலப்பக்கம்! புகைப்படத்தின் நெகட்டிவை யாரோ பின்புறம் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள், இடவலம் மாறியிருக்கிறது. நான் எழுதிய பிழைதான் அவன் உண்மை முகத்தைப் பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

முதலில் கௌரவமான வழியில் முயன்றேன். புகைப்படத்தை எடுத்து, "அவன் அணிந்திருக்கும் மேலாடையைப் பாருங்கள். ஆண்களின் ஆடையில் இடப்பாதி வலப்பாதியின்மேல் படியும். இதில் மாறிப் படிந்திருக்கிறது. படம் திருப்பி அச்சாகியிருக்கிறது," என்றேன்.

இயக்குநர் கண்கள் ஒரு கணம் ஒளிர்ந்தன, உடனே மங்கின. "அந்தக் காலத்துல யார் தச்சாங்களோ சார். லேடீஸ் டெய்லர் தச்சிருந்தா? சட்டையப் பாத்து மூஞ்சிய முடிவு பண்ண முடியாது. சென்னையில நாலு பேரக் கேட்டேன், நாலு பேரும் இடதுன்னாங்க."

"இந்தப் புகைப்படத்தைக் காட்டிக் கேட்டீர்களா?"

"ஆமா."

"அதனால் சொன்னார்கள். அவன் வலக்கண்ணைத்தான் மூடியிருப்பான். மணிக்கூண்டுக் காட்சியில் இடக்கையால் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, திறந்த இடக்கண்ணால் கீழே கூட்டத்தைப் பார்ப்பான். பிறகு தலையை இப்படித் திருப்பி, மூடிய கண்ணைச் சுவருக்கு நேரே கொண்டுவருவான்."

நான் தலையைத் திருப்பிக் காட்டினேன். ஸ்டோர்ஸ் பொறுப்பாளரின் முகத்தில் மெல்ல ஒரு விடியல் நிகழ்வதைக் கண்டேன்.

"அண்ணே, இதெல்லாம் உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள், இனி இரண்டே வழிகள்தாம் என்பது எனக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டால் என் பெயர் பிழைக்கும். அரைமுகத்தான் மாறிய முகத்தோடு ஊருக்குத் திரும்பி வருவான். உண்மையைச் சொன்னால் அவன் முகம் பிழைக்கும், என் பெயர் போகும்.

"பார்த்திருக்கிறேன்," என்றேன். "பல முறை."

பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாசா அல்லா! சாரு நம்ம தோஸ்து!"

இயக்குநர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். ஆனால் அவர் கெட்டிக்காரர். "சார், ஒருத்தர் சொன்னா ஞாபகம். ரெண்டு பேர் சொன்னாத்தான் சாட்சி. திங்கக்கெழம காலையில முதல் போஸ்டருக்கு ஷூட் பண்றோம். தப்பான பக்கம் வந்துச்சுன்னா பழைய ஆளுங்க முதல் நாளே கிழிச்சிருவாங்க. இந்த ஃபோட்டோவப் பாக்காத இன்னொரு ஆளு வேணும். நீங்க பக்கத்தச் சொல்லாமக் கேட்கணும். கெடைச்சா வலது. கெடைக்கலன்னா ஃபோட்டோல இருக்கிற மாதிரி இடதுதான்." இருபக்க முகமூடிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து நான் குழு அறைக்குள் நுழைந்தபோதே செய்தி எனக்கு முன்னால் சென்று அமர்ந்திருப்பது தெரிந்தது. எங்கள் போதகர் இளையவர். என்னைக் கண்டால் எழுந்து நிற்பவர். அன்றும் எழுந்து நின்றார், ஆனால் என் கண்களைப் பார்க்கவில்லை. ஜெபம் முடிந்ததும் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, அஜெண்டாவுக்கு முன்னாடி ஒரு சின்ன விசயம். போன வருசம் நம்ம பசங்களுக்கு அண்ணன் ஒரு நியாயம் சொன்னாரு…"

"நானே சொல்கிறேன்," என்று எழுந்தேன். "கல்லூரி நாள்களில் அரைமுகத்தான் படங்களைப் பார்த்தேன். முதற்பாகம் ஏழு முறை. மூன்றாம் பாகம் ஒன்பது முறை. மறைத்தேன். மறைத்துக்கொண்டே போன ஆண்டு இளைஞர்களைக் கண்டித்தேன். அது முறையன்று. செயலர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அதை எடுத்துக்கொள்வதற்கு முன் இந்தக் குழுவிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்களில் யாரேனும் அந்தப் படங்களைப் பார்த்திருந்தால், முகமூடி முகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று சொல்ல வேண்டும்."

போதகர் விரல்களால் மேசையைத் தட்டினார். பொருளாளர் கூரையைப் பார்த்தார். அந்த அரை நிமிடத்தில் என் மதிப்பு போனதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பது எனக்கே வியப்பு. ஒரு சாட்சி. ஒரே ஒரு சாட்சி போதும். மனம் அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

"வலப்பக்கம்."

மூலையிலிருந்து குரல் வந்தது. குழுவின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர். அறுபது வயதைத் தாண்டியவர். அவர் வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்பு கலைந்து எவரும் கண்டதில்லை.

"சிஸ்டரம்மா, நீங்களுமா?" என்றார் போதகர்.

"டிரெய்னிங்ல இருந்தப்ப, ஐயா. வார்டன் கண்ணுல மண்ணத் தூவிட்டு எட்டுப் பேரு போவோம்."

பொருளாளர் திடீரென்று உயிர் பெற்றார். "இல்லம்மா, இடது. நான் ஆற்காட்டுல டெண்ட் கொட்டாயில பாத்தேன். இந்தப் பக்கம்தான் கறுப்பா இருக்கும்," என்று தம் இடக்கையை நீட்டினார்.

"அது நீ பாக்கும்போது. அவனுக்கு எந்தப் பக்கம்?"

"நான் பாக்கும்போது…" என்று பொருளாளர் எழுந்து, தாமே திரையாக நின்று, பிறகு பார்வையாளராக நின்று, இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஸ்டோர்ஸ் பொறுப்பாளரும் தம்மை மறந்து எழுந்துவிட்டார். "எனக்கு எதிர்ல நில்லுங்க. இப்ப உங்க வலது எனக்கு இடது. அப்ப சிஸ்டரம்மா சொல்றது யாரோட வலது?"

"உக்காருங்கப்பா," என்றார் அந்த அம்மையார். "நர்சுக்கு வலதுன்னா பேஷண்டோட வலதுதான். எங்களுக்கு மொத நாளே அதத்தான் மண்டையில ஏத்துவாங்க. தப்பான காலுக்குக் கட்டுப் போட்டா வேல போயிரும். அவனோட வலது. கடைசில முகமூடியக் கழட்டுவான்ல, அப்ப தழும்பு தெரியும். வலது புருவத்துலருந்து தாடை வரைக்கும். தையல் பதினொன்னு. நான் எண்ணுனேன்."

என் கையிலிருந்த விலகல் கடிதம் நழுவி மேசையில் விழுந்தது.

"கழற்றுவானா?"

"நீ பாக்கல?"

"முடிவதற்குமுன் எழுந்து வந்துவிடுவேன்."

"ஒம்போது தடவையும்?"

"ஒன்பது முறையும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கண்டனம் இல்லை. சரியாக மருந்து சாப்பிடாத நோயாளியைப் பார்க்கும் இரக்கம் இருந்தது. "அடப்பாவி தம்பி! அந்தத் தழும்புதானே படமே! அந்தக் கண்ணுல அவனுக்குப் பார்வையே கெடையாது. அதனாலதான் அது சுவத்துக்கு அந்தாண்ட பாக்கும்."

பொருளாளர் மேசையைத் தட்டினார். "ஆமா! ஆமா! கொட்டாயே அழுதுச்சு!"

போதகர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். என் கடிதத்தை எடுத்து, மடித்து, என் பக்கமே நகர்த்தினார். "மொதல்ல மினிட்ஸ் எழுதுங்க சார். மத்தத அப்புறம் பாக்கலாம்."

"பசங்க அந்தப் புதுப் படத்துக்குப் போகட்டும்," என்றார் சிஸ்டரம்மா. "நீயும் கூடப் போ. கடைசி வரைக்கும் உக்காந்து பாத்துட்டு வா. அதான் தண்டன."

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அதை வழிமொழிந்தார். தாமும் வருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, அலுவலக அறையிலிருந்து இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தேன். "வலது," என்றேன். சாட்சி யாரென்றும், தழும்பையும், பதினொரு தையலையும், பார்வையற்ற கண்ணையும் சொன்னேன். மறுமுனையில் அவர் போட்ட கூச்சலில் என் காது அடைத்தது. "தழும்பா! எவனும் சொல்லலியே சார்!" பின்னால் யாரையோ அழைத்து முகமூடியை மாற்றச் சொல்வது கேட்டது. மேக்கப்காரரை அழைத்தார். பதினொன்று, பதினொன்று என்று கத்தினார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு. குதிக்கறதுக்கு முன்னாடி அவன் ஒரு விசில் அடிப்பானாமே. எங்கயும் இல்ல அது. யாருக்கும் தெரியல."

"தெரியும்," என்றேன். "இரண்டு குறில். பின் ஒரு நெடில். நெடில் மேலேறி ஒடியும்."

"புரியலியே சார். அடிச்சுக் காட்டுங்களேன்."

என் அறையின் கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் தையல் பகுதி; வரிசை வரிசையாகப் பெண்கள் இயந்திரங்களின் முன் குனிந்திருந்தார்கள். வாசலருகே பாய் ஏதோ சீட்டோடு நின்றிருந்தார். பணியில் சேர்ந்த நாள் முதல் அந்தக் கூடத்தில் நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

உதடுகளைக் குவித்தேன். முதல் முறை வெறும் காற்று வந்தது. இரண்டாம் முறை குறில் இரண்டும் சரியாக விழுந்தன. நெடில் எழுந்து, உயர்ந்து, கூடத்தின் தகரக் கூரையில் மோதி ஒடிந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லா முகங்களும் திரும்பின. பாயின் கையிலிருந்த சீட்டு கீழே கிடந்தது.

"சார்! இன்னொரு தடவ! ரெக்கார்ட் பண்றேன்!"

நாற்காலியை விட்டு எழுந்து நின்று, இன்னொரு முறை அடித்தேன்.